முளா ஆற்றில் ஒரு குளிர்நாட்டுப் பூச்சி

11.1.99, திங்கள்

காலையில் பனி. கட்கி ஸ்டேஷன் வரை ஸ்வெட்டர், பிறகு பையில். கல்லூரியில் நவம்பர் மாதிரிகளை இன்றுதான் திறந்தேன். டிசம்பரில் என் கணவர் தவறியபின் தொடவே இல்லை. முளா ஆறு, முள்ஷி பக்கம், கல் நிறைந்த ஓட்டம். வழக்கமானவைதான்: நத்தை, தும்பியின் இளம்பூச்சி, சிவப்புப் புழு.

பிறகு ஒன்று. இரண்டு வால், தட்டை உடல். ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சி. இதே வகையை அக்டோபரில் குலு பக்கத்து ஆற்றில் எடுத்தேன், கை மரத்துப்போகும் தண்ணீரில். இங்குள்ள மலைகளில் இருப்பது வேறு வகை. இது இங்கே இருப்பதாக யாரும் எழுதியதில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். மகிழ்ச்சி வரவேண்டிய நேரம் என்று தெரிந்தது. வரவில்லை.

வாங்க: துவரம் பருப்பு, லைட்டர். இன்ஷூரன்சுக்கு அவர் போட்டோ.

12.1.99, செவ்வாய்

துறைத் தலைவர் ஜோஷி சார் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவில்லை. அவருடைய ஆங்கிலமும் மராத்தியும் என் தமிழில்: "சூடான ஆத்துப் பூச்சி, குளிர்ந்த ஆத்துப் பூச்சின்னு இத்தனை வருஷமா கோடு போட்டுட்டு இருக்கோம் மேடம். இவன் கோட்டைத் தாண்டி வந்து உக்காந்திருக்கான்."

வெள்ளிக்குள் கட்டுரைச் சுருக்கம் வேண்டுமாம். பிப்ரவரியில் கருத்தரங்கு. முதல் பெயர் என்னுடையது. இதுவரை அப்படி வந்ததில்லை.

எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே ஒரு பூச்சி. குலுவுக்குக் கொண்டுபோன வலைதான் முள்ஷிக்கும். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் வலையைக் கழுவி உலர்த்த வேண்டும்; முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிறோம். குலுவுக்கு என் கணவருடைய ஃபாக்டரி தந்த எல்.டி.சி. பயணச் சலுகையில் போனோம். புட்டிகளில் ஆல்கஹால் ஊற்றுவது நான், வலை அவர் பொறுப்பு. அன்றே கேட்டேன், வலையைக் கழுவியாச்சா என்று.

"கழுவியாச்சு டீச்சர், ரெண்டு தடவ. உன் பூச்சிங்க எல்லாம் வீடு போய்ச் சேந்துடுச்சு."

கழுவியிருந்தால் பூச்சி முளாவுடையது. இல்லையென்றால் அவர் சும்மா சொன்னார். இரண்டில் ஒன்று.

13.1.99, புதன்

முள்ஷிக்கு பஸ். அதே இடம், துறையின் புது வலை. மதியம் வரை கல்லைப் புரட்டினேன். அந்தப் பூச்சி இல்லை. கிடைக்காதது எதையும் நிரூபிக்காது. தண்ணீர் சில்லென்று இருந்ததா, நினைவில்லை. தெர்மாமீட்டர் பார்த்து எழுதிக்கொண்டேன்.

மாலையில் பக்கத்து வீட்டுச் செல்வி. "அக்கா, இந்த வருஷம் உங்களுக்குப் பொங்கல் இல்ல, சரி. சோறு கூடவா இல்ல? நாளைக்கு டப்பால குடுத்துவுடுறேன். வேணாம்னு மூஞ்சத் தூக்காதீங்க."

உள்ளேயிருந்து அவள் புருஷன்: "உப்பு பாத்துப் போடுடி. டீச்சரம்மா அதையும் மைக்ரோஸ்கோப்ல வச்சிடுவாங்க."

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன்.

14.1.99, வியாழன்

நவம்பர் மாதிரியில் பூச்சிகளை எடுத்தபின் மிஞ்சிய கசடு. தட்டில் கொட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். கறுப்பு மணல். நடுவே மினுக்மினுக்கென்று காக்காப்பொன், மைக்கா, மெல்லிய தகடுகளாக.

முளா ஓடுவது முழுக்க எரிமலைக் கருங்கல் மேல். அதில் காக்காப்பொன் கிடையாது. குலு மணலில் அள்ள அள்ள உண்டு. அவர் செருப்பெல்லாம் மின்னியது. ரயிலில் உதறிக்கொண்டே வந்தார்.

அந்த மணல் வலையிலேயே வந்திருக்கிறது. பூச்சியும்.

ஜோஷி சார் அறை. இங்கே இன்று சங்கராந்தி, கையில் எள்ளுருண்டை. "தில்குள் எடுத்துக்குங்க, இனிப்பா பேசுங்க." எடுத்துக்கொண்டேன். காக்காப்பொன்னைச் சொன்னேன்.

"மணலைப் பத்தி யார் மேடம் கேக்கப் போறாங்க?"

"நான் கேட்டுட்டேன் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வலையை யார் கழுவினது?"

"நான்தான்."

"நீங்களா?" நம்பாத மாதிரி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துச் சுருக்கத்தில் அந்தப் பூச்சி பற்றிய பத்தியை அடித்தார். எள்ளுருண்டை கையில் பிசுபிசுத்துப்போயிருந்தது. வெளியே வந்து தின்றேன். இனிப்பு அதிகம்.

15.1.99, வெள்ளி

வெயில். செல்வியின் டப்பா திருப்பிக் கொடுத்தாயிற்று. (உப்பு சரி.) இன்ஷூரன்ஸ் போட்டோ இன்னும் எடுத்து வைக்கவில்லை.

பால்கனி ஆணியில் வலை. தையல் மடிப்பை விரித்தால் இன்னும் மின்னுகிறது. ரெண்டு தடவையாம்.

கழுவலாம் என்று வாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன். அதில் தலையணை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். வலை ஆணியிலேயே.