சார்ஜ் ஏறாத ஐந்து நாட்கள்

சுருளிப்பட்டி,
12.02.2025

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும். மாதம் நிறைந்திருக்கும் உன்னை நீளமாகப் படிக்க வைக்கக் கூடாதுதான். ஆனால் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எதிர் வீட்டு ஜோதிகா போனிலிருந்து பேசியபோதும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் சுருளிவேல் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நான் போனை அணைத்து வைக்கவில்லை. அணைத்துவிட்டேன் என்று நீ அனுப்பிய செய்தியை ஜோதிகா படித்துக் காட்டினாள். இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரமுடியாது என்று நீ சொன்னதும், உன் இஷ்டப்படி செய்துகொள் என்று பாதிப் பேச்சில் வைத்தது உண்மை. ஆனால் வியாழக்கிழமை நீ மூன்று முறை கூப்பிட்டபோது போனில் சார்ஜ் இல்லை.

திங்கட்கிழமை திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்தோம். போன் சட்டைப்பையில் இருந்தது. மருந்து இறங்கி, சார்ஜர் குத்தும் துளை பச்சை பிடித்துவிட்டது. புதன்கிழமை கொண்டுபோய்க் காட்டியபோது, கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சுரேஷ்கண்ணன், மதுரைக்கு அனுப்பினால் பத்து நாள் ஆகும் என்றார். உனக்கு நாள் நெருங்கும்போது பத்து நாள் போனைக் கொடுத்துவிட்டு எப்படி இருப்பேன்? நீ வாங்கித் தந்தது ஒயர் இல்லாமல், மேலே வைத்தாலே சார்ஜ் ஏறும் ரகமாம். வட்டமாக ஒரு சார்ஜரைக் கொடுத்தார்.

வைத்தேன். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. போன் தோசைக்கல் மாதிரி சுட்டது, சார்ஜ் ஏறவில்லை. பிளக் சின்னது, பெரியது வேண்டும் என்றான் பக்கத்து வீட்டு விஜயகுமார். மாற்றினேன். நட்ட நடுவில் வைக்க வேண்டும் என்றாள் ஜோதிகா. அளந்து கோடு போட்டு வைத்தேன். தேனிக்குப் போய், சாய்த்து நிறுத்துகிற ஸ்டாண்ட் ஒன்றும் வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே. நெட்டில் ஆயிரம் பேர் நல்ல சார்ஜர் என்று எழுதியிருக்கிறார்களாம். ஒருவருக்காவது இதில் சார்ஜ் ஏறியதா என்று தெரியவில்லை. கரண்டையும் கம்பெனியையும் நான் திட்டாத வார்த்தை இல்லை. உன் அம்மா உனக்கு லேகியம் கிண்டிக்கொண்டே கேட்டிருந்தாள்.

முந்தாநாள் திங்கட்கிழமை இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். சுரேஷ்கண்ணன் தன் போனை வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஏறியது. பிறகு என் போனின் பின்உறையைக் கழற்றினார். உள்ளே தீப்பெட்டி அகலத்தில் ஒரு செப்புத் தகடு.

“ஏண்ணே, தகட்டை உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு என் சார்ஜரைத் திட்டுறீகளே! நடுவுல செம்பு இருந்தா எப்படிண்ணே ஏறும்?” என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தகட்டை எடுத்ததும் அந்த வட்டச் சார்ஜரிலேயே ஏறத் தொடங்கிவிட்டது.

தகட்டை வைத்தது உன் அம்மா. நாம் பேச்சை முறித்த அன்றைக்குச் சாயங்காலமே மாரியம்மன் கோவிலில் பூசை வைத்து வாங்கிவந்து, நான் குளிக்கப் போன நேரத்தில் செருகியிருக்கிறாள். “அப்பனும் மகளும் மனசு கோணாமப் பேசணும்னுதான் வச்சேன். போனுக்கு ஆகாதுன்னு யாரு கண்டாக?” என்றாள். ஐந்து நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சுருளிவேலிடம் அம்மா கிண்டிய பிரசவ லேகியம் இருக்கிறது. என் பழைய வேட்டி இரண்டைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். பிள்ளையைச் சுற்றப் புதுத்துணி ஆகாது, உறுத்தும். தகடும் அதற்குள் இருக்கிறது. தொட்டில் கயிற்றில் கட்டு. போனுக்குள் மட்டும் வைத்துவிடாதே.

தாயும் பிள்ளையுமாக நல்லபடி பிழைத்து எழ வேண்டும், ஆத்தா. வலி கண்டதும் மாப்பிள்ளையை ஒரு தடவை கூப்பிடச் சொல். எந்த நேரமானாலும் சரி. இதை எழுதும்போது போன் பக்கத்திலேயே இருக்கிறது. நூறு காட்டுகிறது.

உன் அப்பா,
அழகர்