கரண்ட் போகாத தெரு

என் பெரியவளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, தைலம் தேய்க்கச் சொன்னால் மட்டும் "உங்க வேலையைப் பாருங்க" என்கிறாள். நீ பத்திரிகையில் எழுதியதைப் படித்தோம். அப்பா லைன்மேன், அதனால் எங்கள் தெருவில் கரண்டே போகாது, அந்த வெளிச்சத்தில்தான் படித்து டாக்டரானேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள், எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

ஏனென்று சொல்கிறேன், கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படி. உன் பரீட்சை வருடம், ஆஸ்பத்திரிக்கென்று தனியாகப் போட்ட லைனிலிருந்து ஒரு துண்டு வயர் இழுத்து நம் தெருவுக்குச் சேர்த்தது நான்தான். பரீட்சை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், சுகம் பழகிவிட்டது, எடுக்கவில்லை. இப்போது தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி, வெயிலில் எல்லாரும் போட்டால் ஆஸ்பத்திரியில் வோல்டேஜ் இறங்கிவிடும். அங்கே நர்ஸ் யார் தெரியுமா, கரண்ட் போனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு ஓடி வருவாளே, உன்னோடு படித்த பின்தெருப் பெண், அவள்தான். மூன்று தடவை எங்கள் கரண்ட் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். போய்ப் பார்க்காமலே மூன்றிலும் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் ஃபிரிட்ஜ் ஓடாமல் தடுப்பூசி மருந்து அத்தனையும் வீணாகிவிட்டது. கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் ஊசி போடாமலே திரும்பினார்கள். அவள் ஃபிரிட்ஜ் கதவை மூடவில்லை என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்து, "வோல்டேஜ் இல்லன்னு நான் எழுதினது உங்களுக்குத் தெரியும்ல அங்கிள், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். நான் "பாக்கலாம்மா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் என் மீதே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று காலை நானே கம்பம் ஏறி அந்த வயரை வெட்டினேன், நடந்ததையெல்லாம் எழுதிப் பெரிய அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வேலை போகலாம். நேற்றிலிருந்து தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா உன் பழைய நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டே, "இத்தனை வருஷம் எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றாள், அவ்வளவுதான்.

இதில் உன் தப்பு எதுவுமில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீ தொட்ட நோயாளி எல்லாம் பிழைத்து வீடு போகட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. போன் செய்வதானால் முதலில் அவளுக்குச் செய், எனக்கு அப்புறம் செய்தால் போதும்.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும்,
அப்பா