கம்பியைக் கழற்றிவிட்டேன்

மேலகரம்,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகள் ஆனந்தவள்ளிக்கு அப்பா எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் மதினி வேல்விழியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஜீப்பின் முன்னால் வண்டி இழுக்கிற விஞ்சுக்கு நீ அனுப்பிய சிந்தடிக் கயிறு வந்தது. பார்சலைப் பிரித்ததும் உன் அம்மா, “இது என்ன, மாடு கெட்டவா அனுப்பிருக்கா?” என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். பள்ளத்தில் இறங்கின வண்டியை இழுக்க இரும்புக் கம்பிதான் சரி, இது படித்து வந்த அறிவு இல்லை, கை கிழிந்து வந்தது. கயிறு லேசு, அறுந்தாலும் ஆளை அடிக்காது என்கிறாய். பாறையில் உரசினால் நைந்துவிடுமே, வெயிலில் இற்றுவிடுமே, அதை மாப்பிள்ளை சொல்லவில்லையா? உன் அண்ணன் குற்றாலீஸ்வரனைக் கம்பி கொன்றது என்று நீ சொல்வதை நான் என்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேஸிஸ் சட்டத்தில் மாட்டச் சொன்ன கொக்கியை, நாங்கள் இழுக்கப் போன வேன்காரன் பம்பரில் மாட்டினான், பம்பர் பிய்ந்து கொக்கியோடு கம்பி திரும்பி வந்து உன் அண்ணனை அடித்தது. அந்த வேன்காரன் துஷ்டி கேட்கக்கூட வீட்டுக்கு வரவில்லை. நீயும் பதினாறாம் நாள் காரியம் முடியுமுன் விமானம் ஏறினாய்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பாரம் ஏறும்போது கம்பி முனகும், அது எல்லாக் கம்பிக்கும் உள்ளதுதான். உன் அண்ணன் போன பிறகு புதுக் கம்பி போட்டேன், அதில் அவன் குரல் வந்தது. “யப்பா, தள்ளி நில்லுங்க” என்று அன்றைக்குக் கத்தினானே, அதே இழுப்பு. என் காதிலும் கோளாறு இல்லை, புத்தியிலும் இல்லை. யார் வண்டி எங்கே இறங்கினாலும் கூப்பிட்டதும் நான் ஓடியது அதற்குத்தான். உன் கயிறு பேசாது, ஆகவே பரணில் போட்டேன்.

வேல்விழி இப்போது என்னோடு வருகிறாள், ஸ்டியரிங் அவள் கையில்தான், உன் அண்ணனைவிட நிதானம். போன வாரச் சாரலில் வடகரைப் பக்கம் தேங்காய் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று வாய்க்காலில் இறங்கிவிட்டது. விஞ்சை ஓடவிட்டேன், கம்பி விறைத்து முனக ஆரம்பித்தது. அவள் ஜீப்பிலிருந்து இறங்கினாள். விறைத்த கம்பி பக்கம் போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒட்டியே நடந்துபோய்த் தலையைச் சாய்த்து நின்றாள், யாரோ காதில் சொல்வதைக் கேட்கிறவள் மாதிரி. முகத்தில் சிரிப்பு வேறு. “ஏட்டி, சாகப் போறியா? வா இங்கன” என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “சும்மா இருங்க மாமா, அவிய பேசுதாவல்லா” என்றாள்.

விஞ்சைத் தளர்த்தி அவளை இழுத்து வந்தேன். அந்த வண்டியை வேறு யாரோ எடுத்தார்கள். வீடு வந்ததும் கம்பியைக் கழற்றிவிட்டேன். எங்கே போட்டேன் என்று உனக்கும் சொல்ல மாட்டேன், அவளுக்கும் சொல்லவில்லை. அதிலிருந்து என்னோடு பேச்சில்லை, சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே, இரும்பின் மேல் தப்பில்லை என்ற சொல்லில் நான் அப்படியே நிற்கிறேன். இருக்கிறவளையும் அவனிடம் அனுப்ப எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

பரணிலிருந்து இறக்கிய உன் கயிற்றை விஞ்சில் சுற்றிப் பார்த்த பட்டறைக்காரர் அப்துல் ஜப்பார், “அண்ணாச்சி, முன்னால இருக்க உருளையப் பூரா கம்பி கீறி வச்சிருக்கு, இது கயித்த அறுத்துரும், கயிறு நுழைஞ்சு வர வழுவழுன்னு அலுமினியத்துல வேற வாய் வேணும்” என்கிறார். மறக்காமல் அனுப்பு, அது வரும்வரை வண்டி எடுக்க மாட்டோம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். இனிமேல் எனக்குப் போன் போடாதே, வேல்விழிக்குப் போடு, தினமும் போடு, ஏதாவது பேசு. உன் குரலில் உன் அண்ணன் சாயல் இருக்கிறது, உனக்குத் தெரியாது.

இப்படிக்கு உன் அப்பா,
சு. இசக்கிப்பாண்டி