காற்றுக்குக் கட்டிய சேலை

இன்று காலை உன் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கையை விட்டேன். உன் மனைவியின் சேலை வந்தது.

முழுச் சேலை இல்லை, ஒரு முழத் துண்டு. பச்சையில் கடுகுப் புள்ளி என்று அவள்தான் அடையாளம் சொன்னாள். என் கண்ணுக்கு அது கருகிப்போன அடை மாதிரி இருந்தது. ஐந்து முறை அலசி என் வீட்டுக் கொடியில் போட்டிருக்கிறேன். இந்த மாலையிலும் கறுப்பாகத்தான் சொட்டுகிறது. அந்த ஈரக் கரி வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை: நீ தாத்தா ஆகிவிட்டாய். பெண் குழந்தை!

காலை ஆறரைக்குப் பூந்தமல்லி ஆஸ்பத்திரியிலிருந்து உன் மருமகன் போன் செய்தான். உன் வீட்டிலிருந்து செல்வி என் வாசலுக்கு ஓடி வந்து, "அண்ணா, மீனாவுக்குப் பொண்ணு!" என்றாள். அடுத்த மூச்சிலேயே அழுதாள். எப்படிப் போவது என்பதுதான் அழுகை. அவளுடைய வீசிங் உனக்குத் தெரியும். திருவொற்றியூரிலிருந்து அத்தனை தூரம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோவில் போனால், குழந்தையைப் பார்க்கப் போனவளை அதே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு வரவேண்டியிருக்கும். உன் கார் நிற்கிறது. ஆனால் அதில் இனி ஏறமாட்டேன் என்று போன மாதமே சொல்லிவிட்டாள்.

அதில் நியாயம் இருந்தது. நீ போனதும் சாவியை என்னிடம் கொடுத்து, "ஓட்டாம வச்சா துரு புடிச்சிடும்ணா" என்றாள். இந்த எட்டு மாதமும் வாரம் ஒரு முறை ஓட்டினேன். வாரத்துக்கு வாரம் உள்ளே வரும் காற்று குறைந்துகொண்டே போனது. விசிறியை நாலில் வைத்தால் சத்தம் ஆகாய விமானம் அளவுக்கு. முகத்துக்கு வருவது ஒரு பெருமூச்சு. உள்காற்றுக்கு மாற்றும் குமிழோ நீ இருக்கும்போதே வெளிப்பக்கமாகச் சிக்கிக்கொண்டது. மீனாவின் வளைகாப்புக்குப் போகும்போது செல்வி புழுக்கம் தாங்காமல் தண்டையார்பேட்டையில் கண்ணாடியை இறக்கினாள். பக்கத்தில் ஒரு லாரி. வீசிங் வந்து, இன்ஹேலர் பஃப் அடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். மகளின் வளைகாப்பை வீடியோ காலில் பார்த்தாள்.

"பேத்தியையும் போன்லயே பாத்துக்கவாண்ணா?" என்று இன்று கேட்டாள். பத்து மணிக்கு வண்டி தயார் என்று சொல்லிவிட்டேன்.

நான் திருகாணி முடுக்கியதில்லை. "உனுக்கு பேப்பர் படிக்கத்தான் தெரியும், மாமு" என்பது நீ எனக்குக் கொடுத்த பட்டம். முப்பது வருஷம் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் காகிதம் பார்த்தவனுக்கு அது வசை அல்ல, பணி விவரம்.

தண்டையார்பேட்டை உதிரிபாகக் கடையில் ஷட்டர் பாதி ஏறும்போதே தலையை நுழைத்தேன்.

"ஏசி ஃபில்டரா? மாத்தி எவ்ளோ நாள் ஆவுது?" என்றார் கடைக்காரர்.

"மாத்தினவர் இறந்துட்டார்."

"ஐயோ, இதுனாலயா?"

"இல்ல, மாரடைப்பு."

அவருக்கு நிம்மதி. "அம்புக்குறி கீழ பாக்கணும் சார். பிளாஸ்டிக் கவர எட்த்துட்டு போடுங்க. சிரிக்காதீங்க, கவரோட மாட்டிட்டு காத்து வரலன்னு வந்து நின்னவங்க கீறாங்க."

டாஷ்போர்டு டப்பாவை இரண்டு பக்கமும் அமுக்கினால் அப்படியே தொங்கிவிடுகிறது. பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஃபில்டர். கரிக்கட்டியை எதிர்பார்த்து இழுத்தேன். வந்தது லேசாகப் பழுப்பேறிய, நம் தெருவில் வேறெதுவுமே இல்லாத அளவுக்குச் சுத்தமான ஒரு ஃபில்டர். ஆனாலும் புதியதை மாட்டி, விசிறியைப் போட்டேன். அதே பெருமூச்சு. மணி ஒன்பது.

காற்று எங்கிருந்து வருகிறது என்று ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக யோசித்தேன். பேனட்டைத் திறந்தேன். வைப்பருக்கு அடியில் ஒரு கறுப்புச் சல்லடை, அதன் மேல் மக்கிய வாதுமை இலைகள். அள்ளிப் போட்டுவிட்டுச் சல்லடையைக் கழற்றினேன். கீழே காற்று நுழையும் வாயில், நாலு மூலையும் செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிய துணி!

உடனே உன் குரல் கேட்டது. மொட்டை மாடியில் படிந்திருந்த லாரிப் புகைக் கரித்தூளை நான் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "தண்ணிக்கு பைப்புல துணி கட்றோம். காத்துக்கு கட்ட வேணாவா?" நம் தெருவில் துணி கட்டாத குழாய் ஏது? "கார்ப்பரேஷன் காத்துக்கும் பைப்பு போடட்டும், அப்புறம் கட்டலாம்" என்றேன் நான். என் நகைச்சுவையை நானே ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ கீழே இறங்கிப் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பேனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வாயே. "இன்னா நைனா, இன்ஜினுக்கு எண்ணெ தேச்சி குளிப்பாட்றியா?" என்று கேட்டால் பேப்பர் பட்டத்தைச் சொல்லி விரட்டுவாய். அங்கே குவார்ட்டர் ஒளித்திருக்கிறாய் என்று செல்வியிடம் நான் வாக்குமூலமே கொடுத்திருக்கிறேன். அவள் தேடினாள், கிடைக்கவில்லை. நீ துணி துவைத்துக்கொண்டிருந்தாய். மன்னித்துவிடு. வாரா வாரம் துவைத்தவரை அது காற்றை விட்டுக் கரியைப் பிடித்தது. எட்டு மாதமாக அதைத் துவைக்க ஆள் இல்லை.

கம்பியை அறுத்து விசிறியைப் போட்டேன். துவாரங்களில் அடைந்திருந்த தூசி மொத்தமும் என் முகத்தில் அடித்தது. அடடா, என்ன காற்று! தெருவே திரும்பிப் பார்க்கும்படி "செல்வி!" என்று கத்தினேன்.

அவள் வந்து துணியைப் பார்த்தாள், காற்றைப் பார்க்கவில்லை. "அடப்பாவி மனுசா! இந்த சேலயத்தான கொடியிலேர்ந்து காணோம்னு தேடிகினு இருந்தேன்!" எதிர்வீட்டுக் கிளாராதான் எடுத்தாள் என்று இரண்டு வருஷமாக அவளோடு பேச்சில்லை. அந்தச் சண்டை நடந்தபோதெல்லாம் நீ தலை குனிந்து சோறு தின்றது எனக்கு நினைவிருக்கிறது. கேட்காமலே புதுச் சேலை வாங்கிக் கொடுத்தாய். அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தேடிப் பார்த்ததில் மிச்சச் சேலை டிக்கியில், ஸ்டெப்னி டயருக்கு அடியில், ஜவுளிக்கடைப் பையில் மடித்து இருந்தது. அடுத்தடுத்துக் கிழித்துக்கொள்ள எத்தனை வருஷத்துக்குத் திட்டம் வைத்திருந்தாயோ. செல்வி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "மெத்துனு கீது. புள்ளைக்கு இதான் சரி" என்றவள், பையோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கிளாரா, சேல கெட்ச்சிட்ச்சு."

"யாரு எட்த்தது?"

"எம் புருசன்தான்."

கிளாரா பைக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "செத்துட்டாருன்னு வுட்றேன்" என்றாள். பிறகு கையை நீட்டி, "குடு, டயர் நாத்தம் அடிக்குது. சுடுதண்ணில அலசி, இஸ்திரி போட்டே குடுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். பத்து மணி வண்டி பதினொன்றுக்குக் கிளம்பியது.

தண்டையார்பேட்டையில் அதே லாரி வரிசை. கண்ணாடி ஏற்றியே இருந்தது. செல்வியின் முன்நெற்றி முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. பஃப்பை முதலில் கையில் பிடித்திருந்தாள், ராயபுரம் தாண்டியதும் மடியில் வைத்தாள், அப்புறம் பைக்குள் போட்டுவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தாள். பூந்தமல்லி வரை மூச்சு வாங்காமல் திட்டினாள். இவ்வளவு இனிமையான வசை நான் கேட்டதில்லை.

உன் பேத்தி பச்சைச் சேலையில் தூங்குகிறாள். ஓரத்தில் ஒரு முழம் இல்லையே என்று நர்ஸ் கேட்டாள். "அத அவங்க தாத்தா எட்த்துகினாரு" என்றாள் செல்வி.

துணி கட்டக்கூடாதாம், ஃபில்டரே போதுமாம்; கடைக்காரர் போனில் கண்டிப்பாகச் சொன்னார். கட்டமாட்டேன். காய்ந்ததும் அந்தத் துண்டு டாஷ்போர்டு டப்பாவுக்குள் போகும். ஞாயிறுதோறும் பேனட்டைத் திறந்து இலை பொறுக்குவேன். ஒரே ஒரு குறை. நான் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கும்போது, எனக்குப் பேப்பர் படிக்கத்தான் தெரியும் என்று சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.