வாலு எழுதிய அட்டை

பிப்ரவரி 9, திங்கள்

பால் திரிந்துவிட்டது. வெறும் தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

தீர்ப்பு வந்து நான்கு நாள். தன் வீட்டுக்குள், தன் உயிருக்கு ஆபத்து என்று நம்பிச் சுட்டார், தற்காப்புதான், குற்றமில்லை என்று சொல்லி அண்ணனை விட்டுவிட்டார்கள். பத்திரிகையில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. வாசகர் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். பக்கப் பொறுப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கஷ்டமா இருந்தா வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்."

"வேற ஆள் எங்க சார் இருக்காங்க?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகப் பிறகு என் மேலேயே கோபம் வந்தது.

இன்று மட்டும் நாற்பத்தொரு கடிதங்கள். பாதிப் பேர் அண்ணனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். வீட்டுக்குள் வந்தவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்கிறார். மீதிப் பேர், இந்தச் சட்டம் இருந்தால் இனி யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது என்கிறார்கள். ஒற்றெழுத்துகளைத் தின்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை. எல்லாக் கடிதங்களிலும் அவன் "திருடன்", இல்லையென்றால் "இறந்தவர்". பம்பரம் என்று ஒருவரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள், அது நாங்கள் வைத்த பெயர்.

பிப்ரவரி 11

பம்பரம் ஓர் இடத்தில் உட்கார மாட்டான். அண்ணனும் அவனும் ஒன்பதாம் வகுப்பு, நான் ஏழு; எனக்குக் காலை நேரப் பள்ளி, மதியம் வீட்டில்தான். மதியம் பள்ளியிலிருந்து நழுவி வந்துவிடுவார்கள். முன்வாசல் வழியாக வந்தால் அப்பாவிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால் பின்கதவு. கதவிடுக்கில் இரும்பு ஸ்கேலை விட்டு உள்கொக்கியை மேலே தூக்கினால் போதும். ஸ்கேலின் முனை தடியாக இருக்கிறதென்று அண்ணன்தான் பின்படியில் உட்கார்ந்து அரம் போட்டுத் தேய்த்தான். இரண்டு ஸ்கேல், ஆளுக்கு ஒன்று. எனக்குக் கிடையாது. அழுதேன். "உனக்கெதுக்கு, நீ வீட்டுக்குள்ளதானே இருக்கே? நாங்க வந்தா கத்தாம இரு, வாலு!" என்றான் பம்பரம். அன்று ஒட்டிய பெயர். அவனைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கொக்கி கிளுக்கென்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆனால் அடுப்படியில் மூன்று தட்டு மூடி வைத்திருப்பாள்.

எவ்வளவு நல்ல மதியங்கள் அவை!

பிப்ரவரி 12

எடுத்துப் போன துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி காவல் நிலையத்தில் சொன்னார்களாம். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான் அண்ணன். இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16

பம்பரத்தின் மகள் கடிதம் எழுதியிருக்கிறாள். என் மேசைக்கே வந்தது.

"என் அப்பா திருடன் இல்லை. அவர் பையில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. 'திறக்கும். வா. அவனிடம் சொல்லவில்லை. – வாலு' என்று மட்டும் இருந்தது. வீடு தெரிந்த யாரோ கூட்டாளி எழுதியது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். வாலு என்பவர் யாராக இருந்தாலும், ஒரே ஒரு தடவை பேசுங்கள்."

ஒரு பிழைகூட இல்லை. நான் எதைத் திருத்துவது?

கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 17

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

பம்பரம் ஊரைவிட்டுப் போய் இருபத்தாறு வருடம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. "வாலு, பின்கதவு இன்னும் ஸ்கேலுக்குத் திறக்குமா? ஞாயிறு மதியம் வர்றேன். அவன்கிட்ட மூச்சு விடாதே." அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் வீட்டில் திருடர்கள் புகுந்து அண்ணன் மண்டையை உடைத்திருந்தார்கள். உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தான். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருவான். கொக்கியை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட, தச்சரை வரச்சொல் என்றான். நான் தச்சரிடம் திங்கட்கிழமை வரச் சொன்னேன். ஞாயிறு ஒருநாள் அந்தக் கொக்கி இருக்கட்டுமே என்று ஆசை. என்ன ஆசை அது! நாற்பத்தெட்டு வயசில அப்படி என்ன விளையாட்டு எனக்கு?

ஞாயிறு மதியம் அண்ணன் தூங்கினான். நான் கேக் வாங்கப் போனேன். கடையில் கூட்டம். அவன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான், பம்பரம் இல்லையா? தெருமுனையில் வரும்போது எனக்குச் சத்தம் கேட்டது.

நீதிமன்றத்தில் அந்த ஸ்கேலைக் காட்டி, முனை தேய்த்த கருவி என்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளியைச் சுட்டான் என்றாகிவிடுமோ, அண்ணன் உள்ளே போய்விடுவானோ என்று பயம். இல்லை, அது பாதிதான். எனக்காகவும் பயந்தேன்.

பிப்ரவரி 20

காலையில் பம்பரத்தின் கடிதத்தையும் அவன் மகள் எழுதியதையும் அண்ணன் முன்னால் வைத்தேன். எடுத்துப் படிக்கவில்லை.

"வாலு யாருன்னு எனக்குத் தெரியாதா? கோர்ட்டுல அட்டையைப் படிச்சப்பவே தெரியும்."

"அப்புறம் ஏண்ணா சொல்லலை?"

"உன்னையும் இழுத்துவிடணுமா? வக்கீலும் வாயைத் திறக்காதீங்கன்னார். நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்." பம்பரத்தின் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினான். "சட்டம் என்னைக் கேட்டது ஒண்ணுதான், பயந்தியான்னு. பயந்தேன். அது பொய்யில்லை. ஆனா அவனைத் திருடன்னு சொன்னப்போ கம்முனு உட்கார்ந்திருந்தேனே பாப்பா."

"மறுபடியும் வழக்கு வரும்."

"வரட்டும். அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துடு."

பிப்ரவரி 21

அனுப்பிவிட்டேன். கூடவே, "வாலு நான்தான்" என்று ஒரு தாள்.

மார்ச் 8, ஞாயிறு

மதியம் பம்பரத்தின் மகள் வந்தாள். முன்வாசல் வழியாக. அதே நெற்றி, அதே நிலைகொள்ளாத கால்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த ஸ்கேலைக் கையில் வைத்திருந்தாள்.

"மேல்முறையீட்டுல அப்பாவோட கடிதத்தைக் கொடுக்கப்போறேன். சொல்லிட்டுச் செய்யணும்னுதான் வந்தேன்."

"கொடும்மா. கூப்பிட்டா நானே வந்து சொல்றேன்" என்றான் அண்ணன். நானும் வருகிறேன் என்றேன்.

பின்கதவைப் பார்க்கவேண்டும் என்றாள். இருவரும் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனார்கள். நான் உள்ளே போய், இன்னும் மாற்றாத அந்தக் கொக்கியை மாட்டினேன். இடுக்கு வழியாக ஸ்கேலின் முனை வந்தது, தடவியது, வழுக்கியது. மறுபடியும் வந்தது.

அண்ணன் குரல் தள்ளி நின்று கேட்டது. "இன்னும் கொஞ்சம் கீழே விட்டுத் தூக்கணும்மா. உங்கப்பாவுக்கும் முதல்ல வரலை."

கிளுக்.

கதவு திறந்தது. அவள் உள்ளே வந்து நின்று, திரும்பிப் பார்த்தாள். அண்ணன் படிக்குக் கீழேயே நின்றான். "நீங்களும் உள்ள வாங்க" என்று அவள் சொல்லும்வரை அவன் படியேறவில்லை.