பழைய பதினொன்று

தோட்டத்து ஆபீசிலிருந்து நேற்றுக் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் அந்த ஆபீஸ் வாசனை, ஈரக் காகிதமும் தேயிலைத் தூசியும் கலந்தது, மேசை முழுக்கப் பரவியது. சிவராத்திரி அன்று மாணவிகளோடு நட்சத்திரம் பார்க்க முகாம் போட அனுமதி தந்திருக்கிறார்கள். இடம், பதினோராம் இலக்க மலை. நான் கேட்ட மலைதான். ஆனாலும் அந்த வரிக்கு மேல் படிக்கவில்லை. கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொட்டகலை ஸ்டேஷன் வரைக்கும் ஒரு நடை போய்வந்தேன். திரும்பி வந்தபோதும் அது அப்படியே கவிழ்ந்து கிடந்தது.

நீ கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைப் போன ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

இந்த முகாம் யோசனையே உன்னுடையது. ஹட்டன் டவுனில் தையற்கடைக்கு மேல்மாடியில் வளர்ந்த எனக்கு, இரவு வானம் என்றால் எதிர்க்கடை போர்டின் வெளிச்சம்தான். நீ இந்த டயகமத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். விஞ்ஞானப் பாடத்தை முடித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "போர்டுல புள்ளி வச்சுப் புள்ளி வச்சுத்தான் நட்சத்திரத்தக் காட்டுறேன்டி. எங்க மலைக்கு மேல ஏறி நின்னா கொட்டிக் கிடக்கு" என்றாய். அன்றைக்கே பதினெட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டோம். நிலவில்லாத நாள் வேண்டும், வானம் தெளிந்த மாசி மாதம் வேண்டும், ஒரு பல்பு வெளிச்சம்கூடத் தெரியாத உயரம் வேண்டும் என்று எழுதினோம். வீட்டுக்காரர்கள் சம்மதம் வேண்டும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது.

அமாவாசைக்கு வயசுப்பிள்ளையை மலைக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? முதல் லயத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அமாவாசைக்கு முதல் நாள் சிவராத்திரி என்பதை நீதான் பிடித்தாய். அன்றைக்கு எப்படியும் ஊரே கண்விழிக்கும். "கோயில்ல முழிச்சா என்ன, மலையில முழிச்சா என்ன? சாமி மேல இருந்துதான பாக்குறாரு" என்று லயம் லயமாகப் போய்ப் பேசினாய். நான் குடையைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் நின்றேன். கடைசி லயத்தில், கொழுந்தெடுத்துவிட்டு வந்த லெட்சுமி அக்கா கூடையைக்கூட இறக்காமல் கேட்டார்: "ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா யாரக் கேக்குறது?"

"என்னக் கேளுங்க. நானே கொண்டாந்து ஒங்க வாசல்ல விடுறேன்" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பதினெட்டு வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். இது சரியாக நடந்தால் அடுத்த வருஷமும் அனுப்புவார்கள். பிசகினால் இனி எதற்குமே பெண்பிள்ளைகளை நம்மோடு விடமாட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் இதை நீ இரண்டு தரம் சொன்னாய்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆபீஸ் அனுமதியும் வேனும் சாப்பாடும் என் பொறுப்பு. பிள்ளைகளும் நடைபாதையும் உன் பொறுப்பு. இரண்டு மாதம் நம் வாயில் இருந்ததெல்லாம் "பதினோராம் நம்பர் மலை". தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை, ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். தோட்டம் கைமாறியபோது ஆபீசில் நம்பர்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள். லயத்து ஆட்கள் பேச்சில் இன்னும் பழைய நம்பர்தான். நான் சொன்னது ஆபீஸ் பதினொன்று. நீ சொன்னது உன் அம்மா கொழுந்தெடுத்த பதினொன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. "ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருவோம்டி" என்று நீ கூப்பிட்டபோதெல்லாம், மழை என்றும் பரீட்சைத் தாள் என்றும் தள்ளிப்போட்டவள் நான்.

இனி நான் மறைத்தது. அனுமதி கேட்டுப் போன அன்று ஆபீஸ் சுவரில் தோட்டத்துப் படம் தொங்கியது. அதில் மையால் எழுதிய 11 ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சிலால் எழுதிய 11 இன்னொன்று இருந்தது. இரண்டையும் பார்த்தேன். இது என்ன என்று கிளாக்கரிடம் கேட்க வாயெடுத்தேன். டவுன் டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சிரிப்பார் என நினைத்து மூடிக்கொண்டேன். உன்னிடமும் கேட்கவில்லை. நீ ஒரு வாரத்துக்கு வைத்துக் கேலி செய்வாய். வெறும் வீம்பு, வேறென்ன.

போன வருஷம் சிவராத்திரி அன்று பின்னேரம் நீ ஒன்பது பேரோடு குறுக்குப்பாதையில் நடந்தாய். நான் மற்ற ஒன்பது பேரோடு, கம்பளியும் கூடாரமும் ரொட்டியும் ஏற்றிய வேனில் மேல்ரோட்டால் போனேன். ஐந்தரைக்கு நீ வந்து சேரவேண்டும். ஆறாகியும் காணோம். மாசியில் வராது என்று நாம் எழுதி வைத்த மூடுபனி இறங்கத் தொடங்கியது. போனில் சிக்னல் இல்லை. "இப்ப வந்துருவாங்க" என்று பிள்ளைகளிடம் ஐந்து தரம் சொன்னேன். "இந்தப் பக்கம் புலி எறங்கும்னு அப்பா சொல்வாரு டீச்சர்" என்றாள் ஒருத்தி. அவளுடைய சித்தப்பா மகள் உன்னோடு வந்தவர்களில் ஒருத்தி.

பென்சிலால் எழுதிய அந்த 11 அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வேனைத் திருப்பச் சொன்னேன். லயத்து வாசலில் லெட்சுமி அக்கா நின்றிருந்தார்.

"அக்கா, பழைய பதினொன்னு எது?"

"ஆத்துக்கு அங்கிட்டு. மானாப்புல்லு மண்டிக் காடாப் போச்சே. அங்க யாரும் போறதில்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "எம்புள்ள எங்க டீச்சர்?"

நான் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன்.

ஆம்பிளைகள் டார்ச்சோடு ஆற்றைக் கடந்து போய் உங்களைக் கண்டுபிடிக்க எட்டு மணியாகிவிட்டது. ஒரு பாறையடியில் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்து, உன் ஸ்வெட்டரைச் சின்னவளுக்குப் போர்த்திவிட்டு, காட்டைப் பார்த்தபடி நீ வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தாயாம். ஒருத்திக்குக் கால் சுளுக்கு, எல்லோருக்கும் நடுக்கம். அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூட்டிப்போய் வாசலில் விட்டாய். அன்றைக்கு ஒரு நட்சத்திரத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நம்பரில் பிசகியது யார் என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நீ எழுந்துவிட்டாய். "நான்தாங்க. டவுன் டீச்சர் சரியான மலைக்குத்தான் போயிருந்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல." பிறகு விழுந்த ஏச்சு முழுக்க உன் தலையில்தான். பிறந்த தோட்டத்து மலை தெரியாதவள் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பாள் என்றுகூட ஒருவர் கேட்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த லயங்களிலிருந்து உன் மாலை வகுப்புக்குக்கூட ஒரு பிள்ளை வரவில்லை. நீ என்னை ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அழுதுவிட்டாவது சொல்லியிருப்பேன். பிறகு நீ நோயில் விழுந்து கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு தரம் தொடங்கினேன். "அன்னைக்கு ஆபீஸ் படத்துல..." என்றேன். "அடுத்த சிவராத்திரிக்கு எத்தன பேரு?" என்று பேச்சை வெட்டினாய். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்தோம் என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கோயில் முன்னால், சம்மதத் தாளை நீட்டுவதற்கு முன்பு, எல்லாவற்றையும் சொன்னேன். படம், பென்சில், வீம்பு, எல்லாம்.  பிறகு ஒரு தகப்பன், "அப்ப எதுக்கு அந்தப் புள்ளய ஏச்சு வாங்க விட்டுட்டு ஒக்காந்திருந்தீங்க?" என்றார். அன்றைக்கு உன்னை அதிகமாக ஏசியவர் அவர்தான். "பயந்துட்டேங்க" என்றேன். 

அப்போது லெட்சுமி அக்கா எழுந்தார்.

"அந்த டீச்சருக்கு இது அன்னைக்கே தெரியும். கூட்டம் நடந்த அன்னைக்குக் காலையிலயே ஆபீசுக்குப் போயி அந்தப் படத்தப் பாத்து, இவங்க அத உத்துப் பாத்துட்டு நின்னதக் கிளாக்கர்கிட்டக் கேட்டுட்டுத்தான் எங்க வீட்டுக்கு வந்தாங்க. ‘பழி என் ஒருத்தியோட போகட்டுங்க்கா. அவ மேலயும் விழுந்துச்சுன்னா நம்ம புள்ளைங்களக் கூட்டிட்டுப் போக அப்புறம் ஆளே இருக்காது’ன்னாங்க. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க. இன்னைக்கு இவங்களே சொல்லிட்டாங்க, அதான் நானும் சொல்லிட்டேன்."

 எனக்கு முதலில் வந்தது கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ. பிறகு அத்தனை பேர் முன்னால் நின்று அழுதேன். எனக்காக நீ காப்பாற்றி வைத்திருந்த நல்ல பேரை, பிள்ளைகளுக்கு உதவும் என்று வைத்திருந்த பேரை, பத்து நிமிஷத்தில் தொலைத்துவிட்டேன். பதினெட்டு வீட்டில் பத்து வீடு தாளைத் திருப்பித் தந்துவிட்டது. எட்டு வீடு கையெழுத்துப் போட்டது. லெட்சுமி அக்கா சின்ன மகளுக்குப் போட்டுவிட்டு, "நானும் கூட வர்றேன் டீச்சர். எனக்கு ரெண்டு பதினொன்னும் தெரியும்" என்றார்.

கேள்வி கேட்ட அந்தத் தகப்பன் கையெழுத்துப் போடவில்லை. தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனவர் நின்று, என்னைப் பார்க்காமல், "அந்தப் புள்ளய அநியாயமாப் பேசிட்டோமே" என்றார். அது உனக்குச் சேரவேண்டிய வார்த்தை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.