வெட்டிய மூலை வலப்பக்கம் இருப்பது குறித்து

அனுப்புநர்
காலஞ்சென்ற கிடங்குக் காவலரின் மனைவி,
தையல் தொழிலாளி,
மாடிப்படிக்குக் கீழுள்ள கடை,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தடய அறிவியல் ஆய்வகம்.

பொருள்: கிடங்குத் தீ விபத்தின் மரபணுச் சோதனைப் படம் இடம் வலமாக மாற்றிப் படிக்கப்பட்டிருப்பதாக ஐயம் – மறுசோதனை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு எரிந்த கிடங்கில் அடையாளம் தெரியாத இரண்டு உடல்கள் கிடைத்தன. தேடி வந்தவை இரண்டு குடும்பங்கள். ஒன்று என்னுடையது. மற்றவர், சுமைதூக்கும் இளைஞர் ஒருவரின் தந்தை. தினக்கூலிக்கு வந்துபோன பிறருக்குப் பதிவேடு இல்லை.

2. என் மகனிடமும் அந்தப் பெரியவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். முதல் உடல் என் மகனுடன் பொருந்துவதாகவும், இரண்டாவது எவருடனும் பொருந்தவில்லை என்றும் அறிக்கை வந்தது. முதல் உடலை வாங்கி அடக்கம் செய்தேன். இரண்டாவது இன்னும் குளிரறையில் இருக்கிறது.

3. அன்று நான் விடாமல் நச்சரித்ததால் ஆய்வக உதவியாளப் பெண் பொறுமையாக விளக்கினார். மரபணுவைத் துண்டாக்கி, கண்ணாடி போன்ற கூழ்ப்பலகையின் குழிகளில் விட்டு, மின்சாரம் பாய்ச்சுவார்களாம். “சின்னத் துண்டு வேகமா ஓடிடும்க்கா, பெருசு பின்னாடியே நின்னுடும், அதான் கோடு கோடாத் தெரியும். பிள்ளையோட கோடுகள்ல பாதி அப்பாவோட கோடா இருக்கணும்” என்றார். பலகையைத் திருப்பிப் போட்டாலும் ஒன்று போலத்தான் தெரியும் என்பதால், முதல் குழியின் பக்கம் ஒரு மூலையை வெட்டி வைப்பார்களாம்.

4. அது எனக்கு உடனே புரிந்தது. இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் துணியில் நானும் ஓரத்தில் சிறு வெட்டுப் போடுவேன். ஒருமுறை அதைக் கவனிக்காமல் ஒரு சட்டையின் கைகளை மாற்றித் தைத்து, வாடிக்கையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கணவர் அந்தச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றி வந்தார்.

5. சென்ற வாரம் காப்பீட்டுக்காக அறிக்கையை எடுத்தேன். குறிப்பில் “மேல் இடது மூலை வெட்டப்பட்டது” என்று இருக்கிறது. படத்தில் வெட்டு வலப்பக்கம் இருக்கிறது. ஆறு வரிசைகளில் இரு ஓரமும் ஒப்பிடுவதற்கான அளவுகோல். இடையில் குழி எண்படி முதல் உடல், என் மகன், பெரியவர், இரண்டாம் உடல். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒழுங்காகவே தெரியும். ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

6. வெட்டு இருக்கும் பக்கமே முதல் குழி என்பதால், படத்தைத் திருப்பி வலப்பக்கமிருந்து எண்ணினேன். அப்போது பொருந்தும் இரு வரிசைகள் இரண்டாம் உடலும் பெரியவரும் ஆகின்றன. என் மகனுடன் பொருந்துபவர் எவரும் இல்லை.

7. ஐயா, அப்படியானால் பதினொரு மாதமாக ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போய் நான் யாரிடம் பேசிவிட்டு வருகிறேன்? மகன் தேர்வில் தேறியதை, கூரை ஒழுகுவதை, எல்லாவற்றையும் என் கணவர் என்று எண்ணி அவரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது வீட்டில் படி கிறீச்சிட்டாலும் தையலை நிறுத்திக் காது கொடுக்கிறேன். பயமாக இருக்கிறது. நம்பிக்கையாக இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

8. அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை கடைக்கு வருவார். “எம்புள்ள உயிரோடதான் இருக்கான்மா, ரிப்போர்ட்டுலயே இல்லன்னு போட்டுட்டாங்கல்ல” என்று சிரிப்பார். நேற்றும் வந்தார். படத்தைத் துணிக்கு அடியில் ஒளித்துவிட்டேன். என் எண்ணிக்கை சரியென்றால் அவர் பிள்ளைதான் குளிரறையில் இருக்கிறார். இந்த மனுவை எழுதி நான்கு நாள் அனுப்பாமல் வைத்திருந்ததற்கு அதுவே காரணம்.

9. எனவே என் மகன், பெரியவர் இருவரின் இரத்தத்தையும் மீண்டும் எடுத்து, புதிய பலகையில் ஓட்டிப் பார்க்க வேண்டுகிறேன். தவறு என்னுடையதாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கல்லறையில் இருப்பவர் வேறொருவர் என்றால், அவருடைய வீட்டார் கிடைக்கும்வரை ஞாயிறு நானே போய் வருவேன்.

10. முடிவைத் தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். ஆள் அனுப்ப வேண்டாம். யாராவது கதவைத் தட்டினால், அவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துவிடுவேன்.

இடம்: தையற்கடை
நாள்: 12 மார்ச்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கிடங்குக் காவலரின் மனைவி

இணைப்பு: படத்தின் நகல், வெட்டிய மூலையில் சிவப்பு நூல் தைத்துக் காட்டப்பட்டது.